நான்காவது சாட்சி

பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றே கால் ஆகிவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு சென்னியப்பனுக்குள் எட்டிப் பார்த்தது, பார்த்த கையோடு அதன் மண்டையில் ஒன்று போடலாம் போலக் கோபமும் வந்தது. இந்த நினைப்பை வைத்துக்கொண்டுதானே முப்பத்து மூன்று வருஷத்தை ஓட்டியாயிற்று. மூன்றாவது மாடி வராந்தாவில், விசாரணை அறைக்கு எதிரே கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. நடு இருக்கை கழன்று தொங்கியது. சட்டைப் பையில் நாலாக மடித்த குறிப்பாணை ஒன்று நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. அதில் பெயருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பட்டமும் கொடுத்திருந்தார்கள்: அரசுத் தரப்புச் சாட்சி எண் நான்கு. உள்ளே போக வேண்டும். செய்தித்தாளில் வந்த படத்தைக் காட்டுவார்கள். தாளின் மூலையில் சிவப்பு மையில் பதினொன்று என்று போட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். இது உங்கள் பிரிவு உதவியாளர் பிலோமினாவின் எழுத்துதானா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வர வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தில் பிலோமினாவுக்கு வேலை போய்விடும். அந்தப் பதினொன்றை எழுதியவர் சென்னியப்பன்.

கதவுக்கு வெளியே ஸ்டூலில் இருந்த அலுவலக உதவியாளர் முத்துக்கண்ணு காலை ஆட்டிக்கொண்டே இவரைப் பார்த்தான். "ஏனுங் சார், வேர்த்து ஊத்துதே. சாட்சி சொல்லப் போற உங்களுக்கே இப்படின்னா உள்ள இருக்கற அம்மாவுக்கு எப்படி இருக்கும்?" என்றான். "தண்ணி குடிங்க சார். கேன் தண்ணிதான். நம்ம ஆபீஸ்ல எவன் குழாத்தண்ணி குடிக்கறான்?" என்று சொல்லி அவனே சிரித்தான். சிரிப்பில் தப்பு ஒன்றும் இல்லை. உண்மையைத்தான் சொன்னான். ஊருக்கெல்லாம் குடிநீர் கொடுக்கிற வாரியம், மாடிக்கு மாடி நீல மூடி போட்ட இருபது லிட்டர் கேன். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவந்துவிடுவார்கள். இதை எத்தனை நாள் பார்த்திருக்கிறார், ஒரு நாளாவது உறைத்திருக்கிறதா? உறைத்தது. உறைக்காமல் எப்படி இருக்கும்? உறைத்ததை ஒரு டம்ளர் கேன் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் போய் சீட்டில் உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். இப்போதும் எழுந்து போய் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். குளிர்ச்சியாக இருந்தது. அதுவும் கோபத்தைக் கிளப்பியது.

எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தார். யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கத்தான் வாய் வரவில்லை. பிலோமினா சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்கென்று லீவு போட்ட நாளில், அவள் ஒப்படைத்துவிட்டுப் போன சாவியை வைத்து மந்தண அலமாரியைத் திறந்தார். ரகசியம் என்று சொன்னால் கடையில் விற்கிற சாமான் மாதிரி இருக்கிறது என்றுதான் இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தார்களோ என்னமோ, மந்தணம். ரப்பர் முத்திரையில் அந்த ஐந்து எழுத்தும் எத்தனை அழகாக விழும். ஆறு ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, சாயக்கழிவு கலந்திருக்கிறது, குடிக்கத் தகாது என்று சொன்ன அறிக்கை, பதினோரு தாள். பையில் வைத்து எடுத்துக்கொண்டு, இங்கே கடை ஆகாது என்று பஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் தள்ளி, தன்னை ஒரு நாயும் அறியாத ஊரில் இறங்கி, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் நகல் எடுத்தார். பத்திரிகை அலுவலக முகவரியை இடது கையால் எழுதினார். அனுப்புநர் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எல்லாம் சரி. ஆனால் கவரில் போடும் முன்னால், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாள்களைத் தட்டி அடுக்கி வைத்தபோது, பக்க எண் இல்லாமல் கிடந்த பதினோரு தாளைப் பார்க்க அவரால் பொறுக்கவில்லை. எண் போடாத தாளைக் கோப்பு என்று எவன் சொல்வான்? ஒரு தாள் நழுவிப் போனால் யாருக்குத் தெரியும்? கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை வலது மூலையில் போட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் இட்டு, வட்டத்தின் வாலைக் கீழே இழுத்துவிட்டது. இடது கையால் முகவரி எழுதிய அதே மனுஷன்! ஊரைக் கொளுத்தப் போகிறவன் தீப்பெட்டி வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்கி வைத்த கதை. கவர் தபால் பெட்டிக்குள் விழுந்த பிறகும் தெரியவில்லை. எட்டாம் நாள் பத்திரிகையில் கடைசித் தாளைப் பெரிதாகப் படம் போட்டிருந்தார்கள். காலையில் டீக்கடையில் விரித்துப் பார்த்தபோது, மூலையில் அந்தச் சிவப்பு வட்டம் வாலை நீட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. டீயைக் கீழே வைத்தார். கை மட்டும் கொஞ்ச நேரம் டம்ளரைப் பிடித்த வாக்கிலேயே இருந்தது.

அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும். பிடித்தார்கள், ஆனால் அவரை அல்ல. வாலிழுத்த வட்டம் போடுகிறவர்கள் அந்த அலுவலகத்தில் இரண்டு பேர். எட்டு வருஷத்துக்கு முன்னால் வாரியத்து ஜீப் ஓட்டுநர் ஆரோக்கியம் நெஞ்சுவலியில் செத்தபோது, கருணை அடிப்படையில் அவன் சம்சாரம் பிலோமினாவுக்கு வேலை கொடுத்து இவருக்கு எதிர் மேஜையில் உட்கார வைத்தார்கள். கோப்பு என்றால் என்ன என்றே தெரியாமல் வந்தவள், எதிரே இருந்தவர் என்ன செய்தாரோ அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தாள். நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றினால் அவளும் இரண்டு சுற்று. வட்டத்துக்கு வால் விட்டால் அவளும் வால். அலமாரிச் சாவியும் அவள் பொறுப்பு. தடய அறிவியல் துறைக்கு அனுப்பினால் ஆறு மாதம் ஆகும், அமைச்சர் அலுவலகம் ஆறு நாள் பொறுக்காது. பதினேழு பி கொடுத்தார்கள். வேலையையே பறிக்கிற குற்றச்சாட்டு அது. இவர் பெயரை ஒருவர்கூட நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்பதுதான் மூன்று மாதமாக அவருக்குள் ஈரத் துணி மாதிரி கிடந்து நாறுகிறது. சென்னியப்பன் சாரா, அவர் அதிகாரி தும்மினால் கைக்குட்டை தருகிறவர் என்று செயற்பொறியாளர் சொன்னாராம். சொன்னதை இவரிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னான் ஒருவன். நல்ல மனுஷன் என்பதால் தப்பிக்கவில்லை. உழைத்த உழைப்புக்காகவும் தப்பிக்கவில்லை. இவனுக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் கிடையாது என்று ஊரறிந்த ஒரு சான்றிதழ் அவரிடம் இருந்தது, முப்பத்து மூன்று வருஷம் தினம் தினம் பாடுபட்டு வாங்கியது, அதைக் காட்டித் தப்பித்தார். தப்பித்தாரா? பெஞ்சின் கழன்ற இருக்கையை அவர் கால் உதைத்தது. அது கிறீச்சென்று ஆடி நின்றது. முத்துக்கண்ணு நிமிர்ந்து பார்த்தான்.

போலி ஆவணம் என்றார் அமைச்சர். மேடையில், மாலையோடு, சிரித்துக்கொண்டே. சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துகிற கம்பெனியில் அவருடைய மைத்துனர் பங்காளி என்று பத்திரிகை எழுதியது, இல்லவே இல்லை என்று அவர் சொன்னார். இருக்கிறாரா இல்லையா என்பது சென்னியப்பனுக்கும் தெரியாது. அது தெரியாது, ஆனால் தண்ணீரைத் தெரியும். மாதிரி எடுக்கப் போனபோது சாட்சிக் கையெழுத்துப் போட இவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கேயும் சாட்சிதான், எங்கே போனாலும் சாட்சிதான் இந்தப் பிறவியில். அந்த ஆறு ஊர்களில் ஒன்றான ஒடக்காட்டுவலசில் குழாயைத் திறந்தால் முதலில் நுரை வந்தது, பிறகு நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம், புதுப் புடவையை முதல் தடவை அலசிய தண்ணீர் மாதிரி. வாசலில் நின்ற ஒரு பெண் வெயிலுக்கு இரங்கி ஆளுக்கொரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சோம் என்றார்கள் எல்லோரும், ஒரே குரலில், ஒத்திகை பார்த்ததைப் போல. அவள் டம்ளரைத் திருப்பி எடுக்கவில்லை. "வாரியத்து ஆளுகளே குடிக்கமாட்டேங்கறீங்க. அப்புறம் எங்களுக்கு எதுக்குங்க இதைப் பம்பு பண்ணி வுடறீங்க?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் புறங்கையெல்லாம் வெடித்திருந்தது. ஜீப்பில் ஏறியதும் இளநிலைப் பொறியாளர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். அந்த ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று தடவை மனுப் போட்டார், கிரீஸ் கட்டைவிரல் ஒவ்வொரு மனுவிலும் பதிந்திருக்கும். மூன்று தடவையும் கோரிய தகவல் மந்தணமானது, வழங்க இயலாது என்று பதில் போனது. பதில் எழுதியது யார்? இந்தக் கைதான். சரி, அது மேலிடம் சொல்லி எழுதியது. அதற்கு முன்னால் எழுதியது? அங்கே போகாதே என்று மனசு ஒவ்வொரு தடவையும் குறுக்கே கையை நீட்டும், குழந்தையைச் சாக்கடைப் பக்கம் போகவிடாமல் பிடிப்பதைப் போல. இன்றைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அறிக்கை வந்த மறுநாள் செயற்பொறியாளர் கூப்பிட்டார். வாயால் சொன்னார், எழுத்தில் ஒன்றும் தரவில்லை, அவர்கள் எப்போதும் தரமாட்டார்கள். "சென்னியப்பன், உங்களுக்குத்தான் மொழி நல்லா வரும், ஒரு குறிப்பு போடுங்க." மொழி நல்லா வரும்! அந்த ஒரு சொல்லுக்குக் குளிர்ந்துபோய், மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு எழுதினார்: மேற்படி அறிக்கை வெளியாகும் பட்சத்தில் பொதுமக்களிடையே தேவையற்ற பீதி ஏற்பட வாய்ப்புள்ளதால் அதனை மந்தணமாகக் கொள்ளலாம். தேவையற்ற பீதி. குழந்தையின் கை வெடித்ததைப் பார்த்துவிட்டு வந்த ஒருவன், சொந்தப் புத்தியில், தேவையற்ற என்று எழுதினான். அந்த அறிக்கை பதினான்கு மாதம் இருட்டில் கிடந்தது அந்தக் குறிப்பின் பலத்தில். பத்திரிகைக்கு அனுப்பியபோது அந்தக் குறிப்பை மட்டும் அனுப்பவில்லை. பன்னிரண்டாவது தாளாக வைத்திருக்கலாம், கையில்தான் இருந்தது. எடுத்துத் திரும்பக் கோப்பில் சொருகிவிட்டார். உண்மையை ஊருக்குச் சொல்லப் புறப்பட்டவர், தன் பங்கை மட்டும் கத்தரித்துவிட்டுச் சொன்னார்.

பன்னிரண்டரைக்குச் செல்போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து மனைவி ருக்குமணி. "கூப்பிட்டாங்களா? இன்னுமா இல்ல? அந்தப் பொம்பளை செஞ்சதுக்கு நீங்க எதுக்குங்க பட்டினி கெடக்கறீங்க? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசி வெச்சராதீங்க, ரிட்டையராக இன்னும் பதினோரு மாசம்தான்." சரி என்று சொல்லி வைத்தார். சாப்பாட்டு மேஜையில் அவர் எண் போட்டுக்கொண்டிருந்தபோது அதே மேஜையின் மறுமுனையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அவள். ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது என்று மட்டும் கேட்டாள். அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? பதினோரு மாதம். தற்காலிகப் பணிநீக்கம் செய்வார்கள், ஓய்வு கொடுக்கமாட்டார்கள், வழக்கு முடிகிற வரை இழுப்பார்கள், போலீஸிலும் புகார் கொடுப்பார்கள். பழைய ஆட்கள் சிலரை அப்படிப் பார்த்திருக்கிறார். அறுபத்தைந்து வயதில் கைப்பையோடு கோர்ட்டு வாசலில் நிற்பார்கள், கண்டும் காணாத மாதிரி இவரும் போயிருக்கிறார். ஒன்று செய்யலாம். எழுத்து யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, காட்டிக்கொடுத்ததும் இல்லை. அவளுக்கும் கொஞ்சம் அனுகூலம், இவருக்கும் ஆபத்தில்லை. நல்ல யோசனை. யோசனை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று மனசு தானே மெச்சிக்கொண்டபோது, பதினேழு மாதத்துக்கு முன் அந்தக் குறிப்பை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடியபோது இருந்த அதே இதம் நெஞ்சில் பரவியது. அந்த இதத்தின் அடையாளம் தெரிந்துவிட்டது. சீ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

கதவு திறந்து பிலோமினா வெளியே வந்தாள். முகம் கழுவினதைப் போல வெறிச்சென்று இருந்தது. அழுதிருக்கவில்லை. நேரே வந்து, கழன்ற இருக்கைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் அந்த இரும்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மிணி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார்," என்றாள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "பேப்பர்ல பார்த்த அன்னிக்கே தெரியும். என் வட்டம் இத்தனை உருண்டையா வராது."

முத்துக்கண்ணு ஸ்டூலில் கால் ஆட்டுவதை நிறுத்தினான்.

"மூணு மாசமாச்சு. இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். தினம் எதிருக்கெதிர் உக்காந்துட்டு, டீ குடிச்சியாம்மான்னு கேட்டீங்க. எப்படி சார் கேக்க முடிஞ்சுது?"

"நான் உள்ள போய்..."

"இருங்க சார், நான் முடிச்சிக்கறேன். நான் ஒண்ணும் உங்களைக் காப்பாத்தல. எனக்கு ரெண்டு புள்ளைக இருக்காங்க. சொல்லிட்டேன். இப்பத்தான், உள்ள, உங்க பேரைச் சொன்னேன். செஞ்சது சென்னியப்பன் சாருன்னு."

பயம்தான் முதலில் வந்தது, அதற்குப் பின்னாலேயே, நம்ப முடியாதபடி, ஒரு பாரம் இறங்கிய உணர்வு. முடிந்துவிட்டது. இனி முடிவெடுக்க ஒன்றுமில்லை. "என்ன சொன்னாங்க?" என்றார்.

"சிரிச்சாங்க," என்றாள் பிலோமினா. "ரெண்டு பேரும் சிரிச்சாங்க. பழி போடறதுக்கு வேற ஆளே கெடைக்கலையாம்மான்னு கேட்டாரு. மேலதிகாரி மேல அவதூறுன்னு அதையும் ஒரு குற்றமாச் சேத்துக்கறாங்களாம்." எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தாள். "தப்பிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க சார். உங்களை அவங்க ஒரு ஆளாவே கணக்குல வெக்கல. எனக்காவது பதினேழு பி குடுத்தாங்க."

அவள் படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று மாடி. ஒவ்வொரு படியாக. சிரித்தார்களாம். சென்னியப்பனுக்குக் கன்னம் இரண்டும் சுட்டன. யார்மேல் கோபம்? சிரித்தவர்கள் மேலா, மேடையில் சிரித்தவர் மேலா, அதிகாரி தும்மியபோதெல்லாம் கைக்குட்டையோடு ஓடிய இந்த ஆள் மேலா? ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு எல்லோரும் உள்ளே வந்தார்கள். உலகத்தில் அவர் துணிந்து செய்த காரியம் ஒன்றே ஒன்று. அதைக்கூட அவர் செய்ததாக ஒருவனும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறான். அடச்சே, இதுவா உன் வருத்தம்? ஒரு பெண்ணின் சோறு போகப் போகிறது, உனக்குப் பெயர் கிடைக்கவில்லை என்பதா? அதுவும்தான், அதுவும் சேர்ந்துதான், எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இப்போது நேரமில்லை. "சார், உங்களைத்தானுங்க," என்றான் முத்துக்கண்ணு. அவன் குரலில் கேலி இல்லை. வழக்கமாக உட்கார்ந்தபடியே கதவைத் தள்ளிவிடுபவன், இன்றைக்கு எழுந்து நின்று திறந்துவிட்டான்.

விசாரணை அலுவலர் திருவேங்கடம் ஓய்வு பெற்ற இணை இயக்குநர், பார்த்தாலே கை கூப்பத் தோன்றும் சாந்தமான முகம். பக்கத்தில் துறை சார்பில் ஒருவர். ஓரத்தில் கணினி முன்னால் தட்டச்சு செய்யும் பெண். "வாங்க சென்னியப்பன், ரொம்பக் காக்க வெச்சுட்டோம். ஒரே கேள்விதான்," என்று பத்திரிகைப் படத்தை நகர்த்தினார் திருவேங்கடம். "இந்த எழுத்து?"

"என்னுதுங்க," என்றார் சென்னியப்பன்.

துறை ஆள் புன்னகைத்தார். திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா வெளிய வந்து அழுதாங்களா? எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அதுக்காக? ஏம்மா, அதைப் போடாதே." பெண்ணின் விரல்கள் நின்றன. "இங்க பாருங்க, முப்பத்து மூணு வருஷ சர்வீஸ். ஒரு கரும்புள்ளி இல்ல. மணி ஒண்ணாகப் போகுது. கீழ போய் நல்லா சாப்பிட்டுட்டு, ரெண்டரைக்கு வாங்க. அப்பப் புதுசாக் கேக்கறேன். எந்திரிங்க."

எந்திரிங்க என்றதும் முழங்கால்கள் இரண்டும் தாமாக அசைந்தன. அதிகாரி சொல்லி முடிக்கும் முன் எழுந்து பழகிய கால்கள். அவற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். உட்கார்ந்தபடியே, தன் குரலா என்று அவருக்கே சந்தேகம் வரும்படி சத்தமாக, "பிலோமினாம்மா சொன்னது நெசம். அவங்க லீவுல இருந்த அன்னிக்கு சாவி என்கிட்ட இருந்துச்சு, சாவிப் பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கும், எடுத்துப் பாருங்க," என்றார். துறை ஆளின் புன்னகை பாதியில் நின்றது. அந்தப் பதிவேட்டை அவர்கள் இதுவரை புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலேயே தெரிந்தது. "நான் எந்திரிக்கறதா இல்லீங்க. இது வாக்குமூலத்துல ஏறாம எந்திரிக்கமாட்டேன்."

திருவேங்கடத்தின் முகத்திலிருந்த சாந்தம் கழன்று போயிருந்தது. "போடும்மா," என்றார் எரிச்சலோடு, "தன் குழியைத் தானே தோண்டறேங்கறாரு. நாம என்ன பண்ணறது?"

பெண் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தாள். "எங்கிருந்து சார் போடறது?" என்று கேட்டாள். "அறிக்கையை வெளிய எடுத்த தேதியிலிருந்தா?"

"இல்லம்மா," என்றார் சென்னியப்பன். "அதை நான் பூட்டி வெச்ச தேதியிலிருந்து போடுங்க."